பாசிப்பயறு, உப்பு, இருபது டப்பா: சோதனையில் மாறிகளைக் கட்டுப்படுத்துவது எப்படி

அறிவியல் கண்காட்சியில் ஒரு மேசை என்று வைத்துக்கொள்வோம். மேலே இரண்டு டம்ளர். ஒன்றில் கேன் தண்ணீர், இன்னொன்றில் தண்டையார்பேட்டைத் தெருமுனை அடிபம்புத் தண்ணீர். இரண்டிலும் பாசிப்பயறு போட்டு மூன்று நாள் ஆகிறது. கேன் தண்ணீர்ப் பயறு வேர்விட்டு நிமிர்ந்து நிற்கிறது. அடிபம்புப் பயறு வாயைப் பிளந்ததோடு சரி. பின்னால் தொங்கும் சார்ட்டில் கொட்டை எழுத்தில் 'உப்பு முளைப்பைத் தடுக்கும்' என்று எழுதியிருக்கிறது.

நடுவர் குனிந்து பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டால் போதும்: "அடிபம்புத் தண்ணியில உப்பு மட்டும்தானாப்பா இருக்கு?"

இரும்பும் இருக்கலாம், சுண்ணாம்பும் இருக்கலாம், கலங்கலும் இருக்கலாம். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. வழியாக வந்தது, உப்போடு சேர்த்து மற்றதும் அதில் கழிந்திருக்கும். ஒன்றை மாற்றியதாக நினைத்து நாலைந்தை மாற்றியாகிவிட்டது. வேர் ஏன் குட்டையானது என்பதற்கு இனி அவரவர் தமக்குப் பிடித்த காரணத்தைச் சொல்லிக்கொள்ளலாம். மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று பாடப்புத்தகம் சொல்வது இந்த ஓட்டையை அடைக்கும் வேலையைத்தான். நீங்கள் மாற்றும் ஒன்றோடு கைகோத்துக்கொண்டு வேறெதுவும் மாறிவிடக் கூடாது.

அதே பயறையும் உப்பையும் வைத்து, வீட்டிலேயே 48 மணி நேரத்தில் முடிகிற சோதனையாக இதை ஒழுங்காகச் செய்வோம். வடசென்னைக்கு இது ஒட்டாத கேள்வியும் இல்லை. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறுவது 1960-களின் கடைசியிலேயே தெரியவந்தது. காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது.

கேள்வியை ஒரு வரிக்குக் கொண்டுவாருங்கள்

அந்த மேசையில் இரண்டு கேள்விகள் குழைந்து கிடக்கின்றன. 'எங்கள் தெரு அடிபம்புத் தண்ணீரில் பயறு முளைக்குமா?' என்பது ஒன்று. அதற்கு அடிபம்புத் தண்ணீரை அப்படியே ஊற்றலாம், தப்பில்லை. ஆனால் கிடைக்கும் பதில் அந்தத் தண்ணீருக்கு ஒட்டுமொத்தமாகத்தான் பொருந்தும். உப்பின் மேல் பழி போட முடியாது. 'தண்ணீரில் உப்பு ஏற ஏற வேர் எவ்வளவு குட்டையாகிறது?' என்பது இரண்டாவது. இதற்கு ஒரே கேனிலிருந்து தண்ணீர் எடுத்து, அதில் உப்பை மட்டும் வெவ்வேறு அளவில் கரைக்க வேண்டும். நாம் எடுத்துக்கொள்வது இந்த இரண்டாவது கேள்வியை.

கையால் மாற்றும் உப்பளவு சாரா மாறி. அதனால் மாறுகிறதா என்று அளந்து பார்க்கும் வேர் நீளம் சார்ந்த மாறி. மிச்சம் எல்லாம் குறுக்கிடக்கூடிய மாறிகள்: வெயில், பயறின் வயது, ஊற்றிய அளவு, அளப்பவரின் கண்ணும்கூட. வைவாவில் கேட்டால் சொல்லத் தெரிந்தால் போதும். பெயரை மனப்பாடம் செய்வதில் பெரிய பலன் இல்லை.

உப்பளவு லிட்டருக்கு 0, 2, 4, 6, 8 கிராம் என்று ஐந்து படி. கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் இருக்கும். குடிநீரில் கரைந்திருக்கும் பொருள்களுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை. ஆகவே நம் இரண்டாவது படியே அந்த உச்ச வரம்பில் வந்து நிற்கிறது. வெறும் 0, 8 என்று இரண்டு படியோடு விட்டால் வேறுபாடு இருக்கிறதா என்பது மட்டும் தெரியும். எங்கே இறங்கத் தொடங்குகிறது, சீராக இறங்குகிறதா, சட்டென்று விழுகிறதா என்பதெல்லாம் ஐந்து படி இருந்தால்தான் தெரியும்.

பட்டியலும் நாலு தீர்ப்பும்

ஒரு தாளில், வேர் நீளத்தை மாற்றக்கூடிய எல்லாவற்றையும் எழுதுங்கள். பத்தோடு நிறுத்தாதீர்கள். பயறின் ரகம், அளவு, சொத்தை, ஊறிய நேரம், தண்ணீரின் அளவு, அடிப்படைத் தண்ணீர், டப்பாவின் வடிவம், மூடி, டிஷ்யூவின் அடுக்கு, வெப்பம், வெளிச்சம், காற்று, வைத்த இடம், போட்ட நேரம், அளந்த நேரம், அளந்தவர், கை அழுக்கு, பூஞ்சை என்று இருபதைத் தொட வேண்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நாலில் ஒரு தீர்ப்பு எழுதுங்கள்.

பிடித்து வை: எல்லா டப்பாவிலும் ஒரே மாதிரி வைக்க முடிந்தவை. தண்ணீரின் அளவு, டப்பா, டிஷ்யூ, பயறுப் பாக்கெட் இதில் வரும்.

கூறுபோடு: ஒரே மாதிரி வைக்க முடியாது, ஆனால் எங்கே எப்படி மாறுகிறது என்று தெரியும். வீட்டில் ஜன்னல் பக்கமும் அடுப்படிப் பக்கமும் ஒரே சூடாக இருக்காதே, அது போல.

குலுக்கு: எப்படி மாறுகிறது என்றே தெரியாதவை. ஒவ்வொரு பயறுக்குள்ளும் இருக்கும் வீரியம் நம் கண்ணுக்குத் தெரியாது. சீட்டுக் குலுக்கிப் பிரித்துவிட்டால் எந்த உப்பளவுக்கும் தனிச் சலுகை போகாது.

அளந்து எழுது: நம் கையில் இல்லாதவை. அறை வெப்பம், கரண்ட் போன நேரம். இவற்றை மாற்ற முடியாது. குறித்து வைத்தால் பின்னால் கணக்கில் எடுக்கலாம்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் முதல் தீர்ப்போடு நின்றுவிடுகிறார்கள். 'மற்ற மாறிகள் அனைத்தும் மாறாமல் வைக்கப்பட்டன' என்று ரெக்கார்டில் ஒரு வரி எழுதினால் எதுவும் மாறாமல் இருந்துவிடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், மதியம் கடற்காற்று ஏறும் வீட்டில், எல்லாவற்றையும் பிடித்து வைக்க யாராலும் முடியாது. மற்ற மூன்று தீர்ப்புகளும் அதற்காகத்தான் இருக்கின்றன.

உப்புக் கரைசல்: முதல் வழுக்கல்

சமையலறைத் தராசு ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் காட்டும். அதில் 2 என்று தெரிந்தால் உண்மையில் ஒன்றரையும் இருக்கலாம், இரண்டரையும் இருக்கலாம். கால் பங்கு பிழை. ஆகவே ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக உப்பு நிறுக்காதீர்கள். 40 கிராம் உப்பை ஒரே தடவை நிறுத்து, கேன் தண்ணீரில் கரைத்து, மொத்தம் ஒரு லிட்டர் ஆக்குங்கள். 40-இல் அரை கிராம் தவறினால் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்தான். இது தாய்க் கரைசல்.

இதிலிருந்து மருந்துக்கடை சிரிஞ்சால் 5, 10, 15, 20 மி.லி. எடுத்து, ஒவ்வொன்றையும் கேன் தண்ணீர் சேர்த்து 100 மி.லி. ஆக்கினால் லிட்டருக்கு 2, 4, 6, 8 கிராம் கிடைத்துவிடும். ஒரு படிக்கு நாலு டப்பா, டப்பாவுக்கு 10 மி.லி., ஆக 40 மி.லி. போதும், மிச்சத்தை மூடி வையுங்கள்.

'100 மி.லி. ஆக்கு' என்பதும் '100 மி.லி. சேர்' என்பதும் வேறு வேறு. 20 மி.லி. தாய்க் கரைசலில் 100 மி.லி. தண்ணீரைச் சேர்த்தால் மொத்தம் 120. லிட்டருக்கு 8 கிராம் என்று நீங்கள் நினைத்தது 6.67 கிராம்தான். இந்தப் பிழை மேல்படிகளில் அதிகம், கீழ்ப்படிகளில் குறைவு. அதனால் வரைபடத்தின் சாய்வே மாறிப்போகும், யார் கண்ணிலும் படாது.

எந்த உப்பு? வேதியியல் லேபில் சோடியம் குளோரைடு கிடைத்தால் அதுவே நல்லது. தூள் உப்பில் அயோடின் சேர்மமும் கட்டி தட்டாமல் இருக்கச் சேர்த்த பொருளும் உண்டு. கல்லுப்பு ஈரம் குடித்திருக்கும். நிறுக்கும்போது தண்ணீரையும் சேர்த்தே நிறுக்கிறீர்கள். தூள் உப்பையே எடுத்தால் ஒரே பாக்கெட்டை எடுத்து, அதைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். கையில் டி.டி.எஸ். பேனா (தண்ணீரில் கரைந்திருக்கும் பொருளின் அளவைக் காட்டும் கருவி) இருந்தால் ஐந்து கரைசலையும் ஒரு முறை காட்டிப் பாருங்கள். துல்லியமான எண் வராது, ஆனால் வரிசை சீராக ஏற வேண்டும். 4-உம் 6-உம் இடம் மாறியிருந்தால் அங்கேயே பிடிபடும்.

0 கிராம் டப்பாவையும் மற்றவை போலவே நடத்துங்கள். அதே கேன் தண்ணீர், அதே சிரிஞ்சு, அதே டம்ளர். 'இது சும்மா தண்ணிதானே' என்று குழாயைத் திறந்து பிடித்தால் ஒப்பிட வைத்த குழுவே கெட்டது. மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். அது ஆறாவது ஆளாகச் சோதனைக்குள் நுழைந்துவிடும்.

பயறைச் சீட்டாட்டம்போல் பிரியுங்கள்

50 கிராம் பாசிப்பயறு தாராளம். தட்டில் கொட்டிச் சொத்தை, உடைசல், சுருங்கல் மூன்றையும் கழித்துவிட்டு, மிச்சத்தைக் கையால் நன்றாகக் கலக்குங்கள். வேண்டியது 500 பயறு: ஐந்து படி, படிக்கு நாலு டப்பா, டப்பாவுக்கு 25.

இங்கேதான் நல்ல சோதனைகள் சத்தமில்லாமல் கெடுகின்றன. குவியலிலிருந்து பொறுக்கும் கையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முதலில் கைக்கு வருவது கொழுத்த, பளபளப்பான பயறு. குவியல் குறையக் குறைய விரல் நுனியில் சிக்குவது பொடிசு. முதல் டப்பாவை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போனால், 0 கிராம் டப்பாவுக்குக் கொழுத்தது, கடைசியாக நிரப்பிய 8 கிராமுக்குப் பொடிசு. பிறகு 8 கிராமில் வேர் குட்டை என்று அளந்து சந்தோஷப்படுவீர்கள். அதில் எவ்வளவு உப்பின் வேலை, எவ்வளவு உங்கள் விரலின் வேலை என்று பிரிக்கவே முடியாது.

ஆகவே பெயர் எழுதாத இருபது டம்ளர் வையுங்கள். சீட்டுக்கட்டு போடுவதுபோல ஆளுக்கு ஒன்றாக, சுற்றிச் சுற்றி 25 சுற்றுப் போடுங்கள். முடிந்ததும் எந்த டம்ளர் எந்த டப்பாவுக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். கண்ணை மூடி எடுத்தாலே சமவாய்ப்பு ஆகிவிடும் என்று நம்ப வேண்டாம். கண்ணை மூடினாலும் விரல் பெரியதைத்தான் தேடும். சொம்பில் மடித்துப் போட்ட சீட்டுக்குத்தான் விருப்பு வெறுப்பு இல்லை.

முன்கூட்டியே ஊற வைப்பதா? நல்ல தண்ணீரில் ஊறிய பயறு உப்புக் கரைசலுக்கு வரும்போது ஏற்கெனவே வயிறு நிறையக் குடித்திருக்கும். உப்பின் தாக்கம் குறைந்து தெரியும். இந்தக் கேள்விக்குக் காய்ந்த பயறையே நேராகப் போடுங்கள்.

டப்பா, மூடி, ஆவி

500 மி.லி. பார்சல் டப்பா இருபது, ஒரே கடையில், ஒரே வடிவம். ஒவ்வொன்றிலும் இரண்டு டிஷ்யூத் தாளை ஒரே மாதிரி மடித்து விரித்து, சிரிஞ்சால் 10 மி.லி. கரைசலை ஊற்றி, 25 பயறையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். பயறு பாதிக்கு மேல் முழுகக் கூடாது. முழுகினால் காற்று கிடைக்காமல் அழுகும். அது உப்பின் கணக்கில் போய்ச் சேரும். உங்கள் டிஷ்யூவுக்கு 10 மி.லி. அதிகமா குறைவா என்று முந்தின நாளே ஒரு டப்பாவில் பார்த்துவிடுங்கள். எட்டு போதும் என்றால் எட்டு, ஆனால் இருபதுக்கும் எட்டு.

மூடி கட்டாயம். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. லிட்டருக்கு 4 கிராம் கரைசல் 10 மி.லி. ஊற்றிய டப்பாவைத் திறந்து வைத்து, வெயிலில் 5 மி.லி. பறந்துவிட்டால் மிஞ்சுவது 8 கிராம் கரைசல். நீங்கள் நிர்ணயித்த படியே சோதனையின் நடுவில் நகர்ந்துவிட்டது. 'காய்ந்திருச்சே' என்று மேலே அதே கரைசலை ஊற்றினால் டப்பாவிலுள்ள மொத்த உப்பு இன்னும் ஏறும். மூடிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. உள்ளே பயறு மூச்சுவிடுவதால், ஒரு நாள் கழித்து எல்லா டப்பாவையும் ஒரு நிமிடம் திறந்து மூடுங்கள். நன்றாக இருக்கும் டப்பாவையும் சேர்த்துத்தான்.

அப்படித் திறக்கும்போது ஒன்று கண்ணில் படலாம். 0 கிராம் டப்பாவில் ஈரம் கொஞ்சம் குறைந்திருக்கும். 8 கிராமில் அதைவிடக் கூடுதலாக நிற்கும். 'எல்லாம் சமமா இருக்கணுமே' என்று 0 கிராமுக்குத் தண்ணீர் ஊற்றவோ, 8 கிராமிலிருந்து வடிக்கவோ கை போகும். தொடாதீர்கள். அந்த ஈர வித்தியாசம் குறுக்கிடும் மாறி இல்லை, உப்பு வேலை செய்யும் வழிகளில் ஒன்றே அதுதான். உப்பு ஏறியதால் பயறால் தண்ணீரை எளிதாக இழுக்க முடியவில்லை, அதனால் தண்ணீர் மிஞ்சி நிற்கிறது. அதைச் சமப்படுத்தினால் நீங்கள் தேடும் விளைவையே கையால் அழித்ததாகும். எது உங்கள் மாறியோடு தற்செயலாகச் சேர்ந்து வந்தது, எது அதனாலேயே வந்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையில் உண்மையிலேயே கடினம். மற்றதெல்லாம் கொஞ்சம் கவனமும் பொறுமையும் கேட்பவை.

நாலு தட்டு, நாலு கூறு

காசிமேட்டில் மீனைக் கூறு வைத்து விற்பதைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பெரிய மீனை எல்லாம் ஒரு கூறில் போட்டு, பொடியை எல்லாம் இன்னொன்றில் போட்டால் வாங்குகிறவர் சண்டைக்கு வருவார். ஒவ்வொரு கூறிலும் எல்லாமும் கலந்து இருக்க வேண்டும். சோதனையிலும் அதேதான். நாலு தாம்பாளம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் 0, 2, 4, 6, 8 ஐந்தும் ஒவ்வொரு டப்பா. ஒரு தட்டு ஜன்னல் பக்கம், ஒன்று பீரோ மேல், ஒன்று அடுப்படிச் சுவர் ஓரம், ஒன்று கட்டில் அடியில் இருந்தாலும் கவலை இல்லை. எந்த இடம் சூடாக இருந்தாலும் ஐந்து படியும் சேர்ந்தே சூடாகும். ஒப்பீடு தட்டுக்குள் நடக்கும். பாடப்புத்தகத்தில் கூறு என்பதைத் தொகுதி என்பார்கள்.

இதற்கு நேர்மாறு, 0 கிராம் டப்பா நாலையும் ஒரு தட்டில் அடுக்கி ஜன்னலில் வைப்பதும், 8 கிராம் நாலையும் அடுப்படியில் வைப்பதும். பார்க்க ஒழுங்காக இருக்கும், லேபிள் ஒட்டவும் வசதி. ஆனால் இடமும் உப்பும் ஒன்றாகவே மாறுகின்றன, பிரிக்க வழியில்லை. எத்தனை டப்பா சேர்த்தாலும் இந்தக் கோளாறு தீராது.

தட்டுக்குள் வரிசையையும் குலுக்கியே வையுங்கள். ஐந்து சீட்டு, ஒரு சொம்பு. முதல் தட்டுக்கு 4, 0, 8, 2, 6 என்று வந்தால் அப்படியே. அடுத்த தட்டுக்கு மறுபடி குலுக்குங்கள். 0, 2, 4, 6, 8 என்று அழகாக அடுக்கினால் ஒவ்வொரு தட்டிலும் 8 கிராம் ஒரே ஓரத்தில் நிற்கும். அந்த ஓரத்தில் ஃபிரிட்ஜின் பின்பக்கச் சூடு அடித்தால் முடிந்தது கதை. எல்லாத் தட்டின் மேலும் ஒரே மாதிரித் துண்டு போட்டு வெளிச்சத்தை மறைத்துவிடுங்கள். ஒவ்வொரு தட்டிலும் காலை, மதியம், இரவு வெப்பத்தை எழுதுங்கள்.

கூறும் குலுக்கலும் வயலிலிருந்து வந்தவை. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-இல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், ஒரே வயலுக்குள் மண்வளம் இடத்துக்கு இடம் மாறும்போது உரத்தின் பலனை எப்படித் தனியாகப் பார்ப்பது என்ற சிக்கலுக்காக உருவாக்கிய முறை. அவருக்கு வயல், நமக்குத் தாம்பாளம். பிடித்து வைக்கும் வழி அதற்கும் மூத்தது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை, நோய் நிலை முடிந்தவரை ஒத்தவர்களாகப் பொறுக்கி, ஒரே இடத்தில் வைத்து, ஒரே பொதுச் சாப்பாடு கொடுத்து, இரண்டிரண்டு பேருக்கு ஒரு மருந்தாக ஆறு வகை கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவரும் சீக்கிரம் தேறினார்கள். பாவம், ஒரு ஜோடிக்குக் கடல்நீர் குடிக்கக் கிடைத்தது.

அளப்பவருக்கு விடை தெரியக் கூடாது

டப்பாவின் மேல் '8 கிராம்' என்று மார்க்கரில் எழுதாதீர்கள். 1 முதல் 20 வரை எண் மட்டும். எந்த எண் எந்தப் படி என்ற தாள், கரைசல் ஊற்றியவரிடம் மடித்து இருக்கட்டும். அளப்பவர் வேறு ஆள். காரணம் சின்னது, ஆனால் வலுவானது: இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியாக வெள்ளை மூக்கு நீட்டிய பயறு முளைத்ததா இல்லையா? 0 கிராம் என்று தெரிந்தால் 'முளைச்சிருச்சு' என்போம், 8 கிராம் என்று தெரிந்தால் 'இன்னும் இல்லை' என்போம். பொய் சொல்லும் எண்ணமே வேண்டாம், கண் தானாகச் சாயும்.

அதனால் விதியை முன்பே எழுதுங்கள். வேர் 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் வெளியே தெரிந்தால் முளைத்தது. நீளம் என்பது வேர் நுனியிலிருந்து, தண்டு தொடங்கும் தடித்த இடம் வரை. வேர் வளைந்திருந்தால் ஸ்கேலை நேராக வைக்காதீர்கள்; நூலை வேர்மேல் படுக்கவைத்து, நுனியைக் கிள்ளிப் பிடித்து, நூலை ஸ்கேலில் அளங்கள். முளைக்காத பயறின் நீளம் சுழியமா, கணக்கிலேயே வராதா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஒரு டப்பாவில் 25-இல் 15 முளைத்து, சராசரி 12 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், முளைக்காததையும் சுழியமாகச் சேர்த்தால் அதே டப்பாவின் சராசரி 7.2. இரண்டுமே சரியான எண், பதில் சொல்லும் கேள்விதான் வேறு. முடிவைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுப்பது மட்டும் கூடாது.

நேரமும் ஒரு மாறி. ஒரு டப்பா அளக்க மூன்று நிமிடம் என்றாலும் இருபதுக்கு ஒரு மணி நேரம். அதற்குள் கடைசி டப்பாவின் வேர் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கும். பயறு போடும்போதும் தட்டு வரிசையில் போடுங்கள், 48 மணி நேரம் கழித்து அதே வரிசையில் அளங்கள். அப்போது நேரத்தின் சாய்வு தட்டுகளுக்கு நடுவே போய் ஒதுங்கிவிடும், உப்புப் படிகளுக்கு நடுவே வராது.

கணக்கு: உங்களிடம் இருப்பது 20 எண்

500 பயறு அளந்ததால் 500 சாட்சி என்று எண்ணாதீர்கள். ஒரு டப்பாவில் இருக்கும் 25 பயறும் ஒரே கரைசலைக் குடித்தவை, ஒரே மூடிக்குள் இருந்தவை, ஒரே பூஞ்சையிடம் மாட்டியவை. உப்பு கொடுக்கப்பட்டது டப்பாவுக்கு. அதனால் அலகு டப்பாதான். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு சராசரி, மொத்தம் 20 எண். கல்லூரி மாணவர்கள் இருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வு (ANOVA) போட்டால் பிழைக்கான கட்டின்மைக் கூறு (degrees of freedom) 12 வர வேண்டும். நானூற்றுச் சொச்சம் வந்தால் பயறை எண்ணிவிட்டீர்கள் என்று பொருள்.

தட்டுக்குள் ஒப்பிடுவதன் பலனுக்குக் கற்பனை எண்கள் இரண்டு: ஜன்னல் தட்டில் 0 கிராம் 30 மி.மீ., 4 கிராம் 22. கட்டிலடித் தட்டில் 0 கிராம் 23, 4 கிராம் 15. தட்டைப் பார்க்காமல் கலந்து வைத்தால் 22-உம் 23-உம் ஒன்றுபோலத் தெரியும், உப்பால் பெரிய மாற்றமில்லை என்று தோன்றும். தட்டுவாரியாகப் பார்த்தால் இரண்டிலும் 8 மி.மீ. குறைவு, தெளிவாக.

நடுவில் கெடுபவை கெடும். கரண்ட் போய் மின்விசிறி நின்றால் நேரத்தைக் குறியுங்கள். எல்லா டப்பாவுக்கும் பொது என்பதால் ஒப்பீடு உடையாது. ஒரு டப்பா கவிழ்ந்தால், அளக்கும் முன்பே 'கவிழ்ந்தது, நீக்கம்' என்று எழுதி நீக்குங்கள். அளந்து பார்த்து எண் பிடிக்காததால் நீக்குவது மோசடி. 0 கிராமிலேயே பாதிக்குப் பாதிதான் முளைத்தது என்றால் பயறு பழசு, கடையை மாற்றி மறுபடி ஆரம்பியுங்கள். உப்பு அதிகமான டப்பாக்களில் மட்டும் பூஞ்சை வந்தால் அதையும் எழுதுங்கள். அழுகிய பயறில் அது காரணமா விளைவா என்று இந்தச் சோதனை சொல்லாது.

ஒரே பலகை, ஒரே ஆள் என்றால்

பயறு டப்பாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். சில சோதனைகளில் முடியாது, ஒன்று முடிந்த பிறகுதான் இன்னொன்று. கேரம் பலகையில் பவுடர் அளவுக்கும் ஸ்ட்ரைக்கர் ஓடும் தூரத்துக்கும் தொடர்பு பார்ப்பது அப்படிப்பட்டது. 2024-இல் கேரம் உலகக் கோப்பையை வென்ற காசிமாவின் புது வண்ணாரப்பேட்டையில் கேரம் ஆடுபவர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை.

கையால் அடித்தால் விசை ஒவ்வொரு முறையும் மாறும். பரீட்சை அட்டையைப் பலகைக்குள் புத்தகத்தின் மேல் சாய்த்து, ஒரே கோட்டிலிருந்து ஸ்ட்ரைக்கரைத் தள்ளாமல் விடுங்கள். ஆட்டப்பரப்பு 74 செ.மீ. சதுரம்தான். எதிர்ப்பக்கக் கட்டையில் மோதினால் அளவு வீண், அதனால் பவுடர் அதிகம் போட்டாலும் மோதாத உயரத்தை முதலில் கண்டுபிடியுங்கள்.

இங்கே எதிரி வரிசை. 0, அரை, ஒன்று, ஒன்றரை கிராம் என்று ஏறுவரிசையில் போனால் நேரமும் ஏறிக்கொண்டே போகிறது. மதியம் தாண்டிக் கடற்காற்றோடு ஈரம் வந்து பவுடர் கட்டி தட்டும்போது நீங்கள் ஒன்றரை கிராமில் நிற்பீர்கள். ஆகவே வரிசையைக் குலுக்குங்கள். குலுக்கினால் ஒன்றரை கிராமுக்கு அடுத்து 0 வரக்கூடும், பலகையில் பழைய பவுடர் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் உலர்ந்த துணியால் ஒரே திசையில், எண்ணி இத்தனை முறை என்று துடையுங்கள். பவுடர் நிறுக்க நகைத் தராசு போன்ற சின்னத் தராசு வேண்டும்; 'ஒரு சிட்டிகை' ஆளுக்கு ஆள் மாறும்.

புதுப் பவுடரையும் பழைய பவுடரையும் ஒப்பிட ஆட்டக்காரரே அடிக்கிற சோதனை என்றால் கை சூடாவதும் சலிப்பதும் சேர்ந்துகொள்ளும். கணக்கில் வராத பத்து அடி முதலில் கொடுங்கள். பிறகு பாதிப் பேருக்குப் புதுப் பவுடர் முதலில், மீதிப் பேருக்குப் பழைய பவுடர் முதலில். யார் எந்தப் பாதி என்பது சீட்டில். எட்டுப் பேர் என்றால் நாலு நாலு. ஒன்பதாவதாக ஒருவர் ஆசையாக வந்து நின்றால் அவருக்கு ஸ்கோர் எழுதும் வேலை கொடுங்கள், எந்தப் பவுடர் என்று அவரிடம் மட்டும் சொல்லாதீர்கள்.